ஒன்பது கிலோமீட்டர் எரிந்த விளக்கு

என் கணவருக்கு அவருடைய வேலையிடத்தில் வைத்த பெயர் 'மறுபடி'. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக இருக்கிறார். கீழே வேலை செய்கிறவர்கள் எந்த போல்ட்டை முடுக்கிவிட்டு வந்து நின்றாலும் "மறுபடி பாரு" என்பார். பார்த்துவிட்டு வந்தால் திரும்பவும் "மறுபடி" என்பார். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் மறுபடி. கோபம் வரும்போது நானும் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிடுவேன்.

வீட்டிலும் அதே கதைதான். வெளியே கிளம்பினால் கேஸை மூடியாச்சா என்று மூன்று தடவை பார்ப்பார். பூட்டை அவர் இழுத்துப் பார்க்கிற வேகத்துக்கு ஒருநாள் கதவே கையோடு வந்துவிடும் என்று என் அண்ணன் கிண்டல் செய்வார். யார் வீட்டுக்காவது போனால் லிஃப்டை முதலில் ஆளில்லாமல் மேலே அனுப்பி, கீழே வரவழைத்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் எங்களை ஏற்றுவார். நானும் மகளும் பழப்பையோடு ஓரமாக நின்று, எங்களைப் பார்க்கிறவர்களைப் பார்க்காத மாதிரி நடிப்போம்.

கோபக்காரர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருடத்தில் குரல் உயர்ந்ததில்லை. ஆனால் கேள்வி கேட்பார். ஒரு கண்ணாடி டம்ளர் உடைந்தால் போதும். எத்தனை மணிக்கு, எந்தக் கையில், தரை ஈரமா, முன்னாடியே விரிசல் இருந்ததா? பதில் சொல்லி முடிப்பதற்குள் டம்ளருக்குப் பதில் நம் மண்டை உடைந்திருக்கலாம் என்று தோன்றிவிடும். அதனால் எங்கள் வீட்டில் அதிகம் புழங்குகிற பேச்சு ஒன்று உண்டு: "அப்பாகிட்ட சொல்லிடாத."

எங்கள் வண்டி எட்டுப் பேர் உட்காரும் பெரிய டீசல் வண்டி. இருப்பது மூன்று பேர். "சுத்தி நிறைய இரும்பு இருந்தா நல்லதுதானே" என்று பழைய வண்டியாகப் பார்த்து வாங்கினார். எண்ணெய் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாம் அவர் கையாலேயே. வெளி ஆள் கை வைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒரு சனிக்கிழமை மதியம், நீச்சல் பயிற்சி முடிந்த மகளை ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். பெரிய பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் டாஷ்போர்டில் எஞ்சின் எண்ணெய்க்கான எச்சரிக்கை விளக்கு சிவப்பாக மினுங்கியது. பாலம் ஏறும்போது நிலையாக எரிய ஆரம்பித்துவிட்டது.

"அம்மா, அது என்ன?" என்றாள் மகள். பதினைந்து வயது, ஈரத் தலை, எல்லாவற்றையும் பார்க்கிற கண்.

"ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போயிடலாம்."

"அப்பாக்கு போன் பண்ணவா?"

"வேண்டாம். சொல்லிடாத."

நிறுத்தியிருந்தால் வண்டி பிழைத்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். இப்படிப்பட்ட ஆளோடு பதினேழு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தச் சிவப்பு விளக்கின் அர்த்தம் தெரியாதா? ஆனாலும் ஓட்டினேன். ஒன்பது கிலோமீட்டர். எங்கள் தெருவுக்கு இரண்டு திருப்பம் இருக்கும்போது யாரோ உள்ளே சம்மட்டியால் அடித்த மாதிரி சத்தம் கேட்டது. எஞ்சின் அப்படியே இறுகி நின்றது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் வந்து வண்டிக்கு அடியில் படுத்தார். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தபோது உள்ளங்கையில் இரண்டு கறுப்பு ரப்பர் வளையங்கள் இருந்தன. ஃபில்டருக்கு ஒரு வளையம்தான் இருக்க வேண்டும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்காமல் மேலேயே புதியதைப் போட்டு முடுக்கிவிட்டார். இரண்டு வளையம் இருந்தால் பிடிப்பு நிற்காது. எண்ணெய் முழுக்க வழியில் பீய்ச்சிக்கொண்டு போய்விட்டது.

"நான்தான்" என்றார். "போன ஞாயித்துக்கிழமை நான்தான் போட்டேன்."

விளக்கு எரிந்ததா என்று அவர் கேட்கவில்லை. உலகத்தில் எல்லாக் கேள்வியும் கேட்கிற மனுஷன் அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்காததால் வாயை மூடிக்கொண்டேன். உள்ளே வந்து முகம் கழுவும்போது, தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அந்த நிம்மதி நான்கு நாள் தாங்கவில்லை. அவருடைய உதவியாளர் எனக்கு போன் செய்தார். நாற்பது வயதுக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். "அக்கா, சார் ஒரு லிஃப்ட்ல பிரேக் மாத்தினதைப் பாத்துட்டு முக்கால் மணி நேரமா தாளை வச்சுக்கிட்டு நிக்கிறார். கையெழுத்துப் போட மாட்டேங்கிறார். நீங்க கொஞ்சம் பேசுங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவரே சொன்னார். "கண் முன்னாடி ரெண்டு வளையம் இருந்துச்சு. அதைப் பாக்காத கண்ணு பிரேக்ல எதைப் பாக்கும்? எட்டாவது மாடில இருந்து ஜனங்களோட கீழ வந்துச்சுன்னா?"

நான் பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிற வேலை பார்க்கிறேன். பயந்த முகம் எனக்குப் புதிது இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். இரண்டு வாரம் லீவு போட்டார். பழைய எஞ்சினை இறக்கிவிட்டு வேறு எஞ்சினை வீட்டிலேயே தன் கையால் மாட்டப் போவதாகச் சொன்னார். "சரியா ஓடுச்சுன்னா வேலைக்குப் போறேன். இல்லைன்னா எழுதிக் குடுத்துட்டு வந்துடுறேன். ஆளைக் கொல்றதுக்குப் பதிலா வீட்ல சும்மா இருக்கலாம்."

அவருக்கு வேறு தொழில் தெரியாது. வேறு எதிலும் அவருக்கு ஆசையும் இல்லை. நான் வாயைத் திறந்தால் அவர் பாரம் பாதியாகக் குறையும் என்று தெரியும். ஒவ்வொரு காலையும் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். ஒவ்வொரு காலையும் டீ மட்டும் கொடுத்தேன்.

என் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். பழைய வண்டிகளை உடைத்துப் பிரிக்கும் இடத்தில் ஒரு எஞ்சினைத் தேடிப் பிடித்து, அவரே கொண்டுவந்து இறக்கினார். "மாப்பிள்ளை, இது நல்ல எஞ்சின். நீங்க கேள்வி கேட்டே இதையும் சாகடிச்சிடாதீங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விட்டார். நானும் மகளும் சிரிக்கவில்லை.

வண்டி நிற்கிற கூரையின் உத்தரத்தை அவர் நம்பவில்லை. இரும்புக் குழாய்களில் தனியாகச் சட்டம் போட்டு, அதில் பாரம் தூக்குகிற செயின் பிளாக்கை மாட்டி, எஞ்சின் எடையைப் போல இரண்டு மடங்கு மணல் மூட்டைகளை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்தார். பானெட்டைக் கழற்றினார், ரேடியேட்டரை எடுத்தார், ஒவ்வொரு ஒயருக்கும் காகித நாடா ஒட்டி எண் போட்டார். பழைய எஞ்சின் வெளியே வந்த அன்று வண்டியின் முன்பக்கம் பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது.

சங்கிலி இழுக்கும் வேலை என்னுடையது. ஒரு பக்கம் இழுத்தால் ஏறும், மறுபக்கம் இழுத்தால் இறங்கும். "வேற யாரும் வேண்டாம், நீ இழு. நான் சொன்னாத்தான் இழுக்கணும்" என்றார். முதல் நாளே அவர் ஏற்று என்றதும் நான் பதற்றத்தில் மறுபக்கத்தை இழுத்துவிட்டேன். இருநூற்றைம்பது கிலோ இரும்பு அரை அடி ஆடி அவர் தோளை உரசிவிட்டு நின்றது. "பரவாயில்ல" என்றார். அவர் கேள்வியே கேட்காமல் விட்டது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. மனுஷன் உள்ளுக்குள் எதையோ விட்டுவிட்டார் என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்குப் புது எஞ்சினை இறக்கினோம். அது மெல்ல மெல்ல உள்ளே போய், பின்னால் ஜாக்கியில் நிற்கிற கியர்பாக்ஸோடு சேர வேண்டும். இரண்டு விரல் இடைவெளி இருக்கும்போது நின்றுவிட்டது. ஒரு ஒயர் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால்தான் எடுக்க முடியும். அவர் வண்டியின் மேல் குனிந்து, அந்த இடைவெளிக்குள் வலது கையை விட்டார்.

"சங்கிலிய விட்டுடாத. இழுக்கவும் கூடாது" என்றார். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "உன்ன நம்பித்தான் கைய விடுறேன்" என்றார்.

தொழில் செய்கிற கை அது. அந்தக் கையை நம்பாமல் அவர் இரண்டு வாரமாகச் செத்துக்கொண்டிருக்கிறார். என்னை நம்புகிறார். நான் யார்? அவரிடம் விளக்கை மறைத்தவள்.

"கைய எடுங்க" என்றேன்.

"ஏன்? சறுக்குதா?"

"முதல்ல எடுங்க!"

எடுத்தார். மேலே சட்டத்தைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு விளக்கு எரிஞ்சுது" என்றேன். "எண்ணெய் விளக்கு. பாலத்துக்கு முன்னாடியே எரிஞ்சுது. நான் நிறுத்தல."

அவர் கண் மேலே போனது. மனசுக்குள் தூரத்தை அளக்கிறார் என்று புரிந்தது. "ஒன்பது கிலோமீட்டர்" என்றார்.

"ஆமா."

"ஏன் நிறுத்தல?"

"நிறுத்தினா உங்களுக்கு போன் பண்ணணும்."

"பண்ண வேண்டியதுதானே?"

"பயமா இருந்துச்சு."

"எஞ்சின் போயிடும்னா?"

"இல்ல. உங்களுக்குப் பயந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. "நான் உன்னைத் திட்டினதே இல்லையே" என்றார்.

"திட்டியிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். நீங்க கேப்பீங்க. எத்தனை மணிக்கு, எந்த இடத்துல, எவ்வளவு வேகத்துல, ஏன் அப்ப பாக்கல. பதில் சொல்லிச் சொல்லி நான் ஒரு முட்டாள்னு எனக்கே தோணிடும். அதுக்கு வண்டியே போகட்டும்னு இருந்துச்சு."

வாசற்படியில் மகள் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. "எனக்கும் அப்படித்தான்பா" என்றாள்.

அவர் கவிழ்த்து வைத்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். ஒரு கேள்வி வருகிறது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. அதை அவர் விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் அவர் முகம் மாறியது. நான் எதிர்பார்த்த கோபம் அதில் இல்லை, நிம்மதியும் இல்லை. எதையோ கண்டு பயந்தவர் மாதிரி சட்டென்று எழுந்து, எண்ணெய்க் கையோடு போனை எடுத்து உதவியாளரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். கையில் பிசுக்கு, காதில் வைக்க முடியாது.

"நான் கேள்வி கேக்க மாட்டேன். திருப்பியும் பாருன்னு சொல்ல மாட்டேன். என் பொண்ணு மேல சத்தியமாச் சொல்றேன். என்கிட்ட சொல்லப் பயந்து மறைச்சது ஏதாவது இருக்கா?"

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதையும் யாரோ அணைத்தார்கள்.

"சார்... ஒண்ணு இருக்கு" என்றார் உதவியாளர். "நாலு மாசம் ஆச்சு. வேற ஒரு எட்டு மாடிக் கட்டடத்துல. பிரேக்குக்குப் பின்னாடி கடைசி நட்டுக்கு ஸ்பேனர் எட்டல. நீங்க மறுபடி பாருன்னு மூணு தடவை அனுப்பினீங்க. மூணாவது தடவை, முடுக்கிட்டேன்னு சொல்லிட்டேன்."

அதற்கான தாளில் கையெழுத்துப் போட்டது என் கணவர்.

"லிஃப்ட நிறுத்தச் சொல்லு. இப்பவே. நான் வர்றேன்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அதே அழுக்கு உடையோடு, தெருமுனையில் ஒரு ஆட்டோவை மறித்து ஏறிப் போய்விட்டார்.

எஞ்சின் சங்கிலியில் தொங்கியது. விட்டாலும் அது விழாது என்று தெரிந்தும் நான் சங்கிலியை விடவில்லை. மகள் வந்து சங்கிலியின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாடியில் எத்தனை வீடு, ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் ஏறி இறங்குவார்கள் என்று என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. போன் ஒன்றேகால் மணிக்கு வந்தது. "நிறுத்தியாச்சு. உள்ள யாரும் இல்ல" என்றார். அவர் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

ஏழு மணிக்கு வீடு திரும்பினார். கை கழுவக்கூட இல்லை, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். அந்த நட்டு வெறும் விரலாலேயே சுழன்றதாம்.

"இனிமே அந்த வேலை வேண்டாம்னு இருக்கா?" என்று நான் கேட்டேன்.

"பயமாத்தான் இருக்கு" என்றார். "ஆனா நான் விட்டுட்டா, புதுசா வர்றவன்கிட்ட வேலை செய்றவங்க சொல்ல மாட்டாங்க. என்கிட்ட இப்பதான் ஒருத்தன் சொல்ல ஆரம்பிச்சிருக்கான்."

எஞ்சினைத் தொங்கினபடியே விட்டுவிட்டு, லீவு முடியாமலேயே, திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனார்.