நனைந்த தொட்டிகள்

ஞானஜோதி டீச்சர் வீட்டுக்கு முதல்முறை போகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இந்தச் செடிக்கெல்லாம் தண்ணியே ஊத்த மாட்டீங்களா?" தொட்டி மண் அப்படிக் காய்ந்து கிடக்கும். டீச்சருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "அழுத பிள்ளைக்குத்தான் பால். இது இன்னும் அழலை" என்பார்.

நான் எதிர் வீட்டுக்காரி, சரோஜினி. பிளவுஸ் தைப்பது தொழில், அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது பழக்கம். செம்பாக்கம் ஏரிப் பக்கம் எங்கள் குடியிருப்பு. இரண்டாவது மாடியில் அவர் கதவும் என் கதவும் நேருக்கு நேர். டீச்சர் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். கணவர் லாசரஸ் சார் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரே மகன் எபி, குடும்பத்தோடு கோவிலம்பாக்கத்தில் இருக்கிறான். டீச்சர் தனியாக இருந்தார், தனியாக இருக்கவே விரும்பினார்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு அவரோடு செடி வாங்கப் போனால் நம் பொறுமை போய்விடும். பூத்திருக்கும் செடிப் பக்கம் திரும்பவே மாட்டார். "அது மேக்கப், சரோ. வீட்டுக்கு வந்ததும் கலைஞ்சிடும்." இலையைத் திருப்பிப் பார்ப்பார். தண்டை அடியில் பிடித்து அசைத்துப் பார்ப்பார். தொட்டியின் அடி ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். இத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகு வாங்குவது என்னவோ அதே ஸ்நேக் பிளான்ட், அதே மணி பிளான்ட், இல்லையென்றால் விற்பவர்கள் ஜீஜீ என்று சொல்லும் பளபள இலைச் செடி. அதற்கு மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு இருக்கும். தண்ணீரை அதிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும், நாம் மாதக்கணக்கில் மறந்தாலும் சாகாது.

சித்திரையில் ஜன்னலோரத் தொட்டிகளை உள்ளே தள்ளி வைப்பார். ஐப்பசி மழை தொடங்கினால் பால்கனித் தொட்டிகள் ஹாலுக்கு வரும், தண்ணீர் பாதியாகக் குறையும். மார்கழியில் ஈரத் துணியால் இலையைத் துடைப்பதோடு சரி. மற்ற நாளிலும் விரலை மண்ணுக்குள் ஆழமாக விட்டுப் பார்த்து, அடியிலும் ஈரமில்லை என்றால்தான் மக்கைக் கையில் எடுப்பார். அதுவும் ஏசியில் சொட்டிச் சேர்ந்த தண்ணீர்தான்.

இவ்வளவு கறாருக்கு ஒரு காரணம் இருந்தது. டீச்சரின் அக்காவுக்கு மறதி நோய் வந்தது. வீட்டில் யாருக்கும் முதலில் தெரியவில்லை. ஒருநாள் கொட்டுகிற மழையில் அந்த அம்மாள் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டீச்சர் இதை என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். சொல்லி முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

போன புரட்டாசியில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மொட்டை மாடிக்குப் போனார் டீச்சர். அங்கே யாரோடோ பேச்சு நீண்டுவிட்டது. பாத்திரம் கருகி ஜன்னல் வழியாகப் புகை வர, வாட்ச்மேன் எபிக்குப் போன் போட்டுவிட்டார். நான் எத்தனையோ பாத்திரங்களைக் கருக்கியிருக்கிறேன். எனக்காக யாரும் யாருக்கும் போன் போட்டதில்லை.

எபி ஆபீஸிலிருந்து நேராக வந்து நின்றான். "பெரியம்மாவுக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சது. எங்க வீட்ல உங்களுக்கு ஒரு ரூம் பெயின்ட் பண்ணியாச்சு. வந்துடுங்க. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்."

"பால் கருகினதுக்கா?"

"அடுத்தது என்ன கருகும்னு பாத்துட்டு இருக்கச் சொல்றீங்களா?"

நல்ல பிள்ளைதான். ஆனால் பயந்த பிள்ளை. அதட்டுகிற பிள்ளையிடம் சண்டையாவது போடலாம், பயந்த பிள்ளையை என்ன செய்வது? கடைசியில் கிறிஸ்துமஸ் வரை பார்ப்பது என்று பேசி முடித்தார்கள். அதற்குள் இன்னொரு மறதி கண்ணில் பட்டால் டீச்சர் வீட்டைக் காலி செய்துவிட்டு மகனோடு போக வேண்டும். டீச்சர் தலையாட்டினார். அன்றிலிருந்து எபி ஞாயிறு தவறாமல் ஆராதனை முடிந்து நேராக இங்கே வந்து, சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம்தான் கிளம்புவான்.

ஐப்பசி பாதியில் முதல் ஸ்நேக் பிளான்ட் சாய்ந்தது. அதுவரை அடி மண்ணில் இருந்த ஈரத்தை மழைக்கால ஈரம் என்றே டீச்சர் நினைத்திருந்தார். கத்தி மாதிரி நிற்கும் இலை அடியில் குழைந்து மடங்கிவிட்டது. அடுத்த வாரம் மணி பிளான்ட்டின் இலைகள் மஞ்சளாகப் பழுத்தன. பிறகு ஜீஜீ. டீச்சர் அதைத் தொட்டியிலிருந்து உருவினார். கிழங்கு அழுகி நாற்றம் அடித்தது. மண்ணின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அவர் அதை நகத்தால் சுரண்டி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு" என்றார். முகம் வெளுத்துவிட்டது.

எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. ஆர்.ஓ. மிஷின் ஒரு பக்கம் குடிக்கிற தண்ணீரைத் தந்துவிட்டு, மறுபக்கம் உப்பெல்லாம் சேர்ந்த கழிவுத் தண்ணீரைத் தள்ளும். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் நாங்கள். அந்தக் கழிவைக் கூடச் சாக்கடையில் விட மனசு வராது. பக்கெட்டில் பிடித்து வைத்து வீடு துடைப்போம், கக்கூஸில் ஊற்றுவோம். பாதிப் பேர் செடிக்கும் ஊற்றுவார்கள். டீச்சர் மட்டும் ஊற்ற மாட்டார். அவர் வீட்டில் அதற்கென்று ஒரு நீலப் பக்கெட் சமையலறை மூலையில் இருக்கும். அதிலிருந்து ஒரு சொட்டுகூடச் செடிக்குப் போகாது.

வேலைக்கு வரும் முத்தாலம்மாளைக் கேட்டோம். அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். "நான் இன்னாத்துக்கும்மா ஊத்தப் போறேன்? எனுக்குக் கீற வேலை பத்தாதா? செடியத் தொட்டா டீச்சரம்மா கைய ஒடிச்சிடும்னு தெரியாதா எனுக்கு?" அவள் சொன்னது நியாயம். அந்த வீட்டுச் செடியைத் தொடும் தைரியம் எங்கள் மாடியில் எவருக்கும் கிடையாது.

அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான். டீச்சர் அதை வாய்விட்டே சொன்னார். "நான்தான் ஊத்தியிருக்கேன், சரோ. ஊத்தினதே எனக்கு ஞாபகம் இல்லை."

"உளறாதீங்க டீச்சர்."

"அக்காவுக்கும் ஞாபகம் இருந்ததில்லை."

பழுத்த தொட்டிகளையெல்லாம் எபி கண்ணில் படாமல் என் வீட்டுக்குக் கடத்தினோம். என் தையல் மிஷினுக்குக் கீழே, மேலே, பக்கத்தில் எல்லாம் சாகப்போகிற செடிகள். நல்லதாக இருந்தவை மட்டும் டீச்சர் ஹாலில் இருந்தன.

டீச்சர் தன் மக்கை என்னிடம் கொடுத்துவிட்டார். ஏசித் தண்ணீர் பிடிக்கிற பாத்திரத்தையும் கொடுத்தார். தினமும் நான் போய் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. திங்களிலிருந்து சனி வரை எல்லாத் தொட்டியும் காய்ந்தே இருந்தது. டீச்சர் லேசாகச் சிரிக்கக்கூடத் தொடங்கினார். ஞாயிறு சாயங்காலம் எபி கிளம்பிய பிறகு தொட்டுப் பார்த்தேன். சொதசொதவென்று ஈரம்.

"மத்தியானம் தூங்கினேன்" என்றார் டீச்சர். "நடுவுல எழுந்து வந்திருக்கேன் போல." நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறு ஞாயிறு என்னைக் காவல் வைத்தார். "நான் எழுந்து வந்து ஊத்துறேனான்னு பாரு. ஊத்தினா தடுக்காதே. பாத்துட்டு எங்கிட்ட சொல்லு."

"சொன்னா?"

"எபிகிட்ட நானே சொல்லிடறேன். பெட்டி கட்டிடறேன்." ஹாலை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். "தெரியாமயே இருக்கிறதுக்கு அது மேல்."

சாப்பாடு முடிந்தது. டீச்சர் அறைக்குள் போய்ப் படுத்தார். வீட்டுக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, எபி கை கழுவப் போன நேரத்தில் நான் பால்கனிக்கு நழுவி, திரைச்சீலைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். கொக்கி தைக்க ஒரு பிளவுஸை எடுத்துப் போயிருந்தேன். ஒரு கொக்கிகூடத் தைக்கவில்லை. டீச்சரின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்காதே, திறக்காதே என்று எங்கள் முத்துமாரியம்மனை வேண்டிக்கொண்டேன். அவருடைய கர்த்தரையும் விட்டுவைக்கவில்லை.

கதவு திறக்கவில்லை. சோபாவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த எபிதான் எழுந்தான். அறைப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டான். பூனை மாதிரி சமையலறைக்குப் போய் நீலப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு டம்ளரால் மொண்டு, ஒவ்வொரு தொட்டியாக, வழியும் வரை ஊற்றினான்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. திரையை விலக்கிக்கொண்டு போய் நாலு வார்த்தை கேட்க எழுந்தேன். அதற்குள் டீச்சர் அறைவாசலில் நின்றிருந்தார். தூங்கவே இல்லை போலும்.

"என்னடா பண்றே?"

எபி டம்ளரைப் பின்னால் மறைத்தான். நாற்பதை நெருங்குகிறவன் அப்படி நின்றது எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. "ஒண்ணுமில்லம்மா."

"எபி."

"மண்ணு காஞ்சு கிடந்துச்சும்மா. நான் வர்றப்பல்லாம் காஞ்சே கிடந்துச்சு. மறந்துடறீங்கன்னு நெனச்சேன். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்க. அதான் நீங்க தூங்குறப்ப..." பக்கெட்டைக் காட்டினான். "நல்ல தண்ணி எதுக்கு வேஸ்ட் பண்ணணும்னு இதை ஊத்தினேன்."

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷமா, கோபமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, வாய் மட்டும் பள்ளிக்கூடத்து வாயாகவே இருந்தது.

"எப்பலேர்ந்து?"

"அந்தப் பால் கருகிச்சே, அதுக்கப்புறம்."

"போன ஞாயிறு ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"அதுக்கு முந்தின ஞாயிறு?"

"ஊத்தினேன்." நிறுத்தினான். "இல்ல, அன்னைக்கு சீக்கிரம் கிளம்பினேனோ? ஊத்தினேனா..." நெற்றியைத் தேய்த்தான். "ஞாபகம் இல்லம்மா."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே கேட்டது. முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டான்.

டீச்சர் மெதுவாக வந்து அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கினார். "பால் வெச்சது எனக்கும் அப்படித்தான்டா ஞாபகம் இல்ல. அவ்வளவுதான்."

என் வீட்டிலிருந்த தொட்டிகளையெல்லாம் எபியே தூக்கி வந்தான். ஹால் முழுக்க பேப்பர் விரித்து மூவரும் உட்கார்ந்தோம். அழுகிய கிழங்கையெல்லாம் அறுத்து எறிந்தோம். நல்லதாக இருந்த துண்டுகளை ஒரு பக்கம் காய வைத்துவிட்டு, டீச்சர் புது மண்ணில் மணல் கலந்தார். எபி அம்மா முகத்தைப் பார்க்காமலே கேட்டான்: "இது பொழைக்கணும்னா இப்ப நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ணாதே."

"தண்ணி?"

"ஒண்ணும் பண்ணாதேன்னேன்."

அவன் கிளம்பும்போது டீச்சர் தப்பித்த ஜீஜீ ஒன்றைச் சின்னத் தொட்டியில் வைத்து அவன் கையில் கொடுத்தார். "பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கியே, அந்த ரூம்ல வை. கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் வந்து தங்குறேன். நான் வந்து விரல் விட்டுப் பாக்கற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது."

"ரெண்டு நாள்தானா?" என்றான் எபி. அதற்குமேல் கேட்கவில்லை.

நாங்கள் பால்கனியிலிருந்து பார்த்தோம். தொட்டியைக் காரின் முன் சீட்டில் வைத்து, சீட் பெல்ட்டை அதன் குறுக்கே போட்டுவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.