அகத்தாவின் பத்துப் பல்புகள்

ஏழாவது பல்பு எரியும்போது அகத்தா குனிந்து மோந்து பார்ப்பார். எட்டாவதின் சுவிட்சைத் தட்டிவிட்டு மறுபடியும் ஒரு மோப்பம். கருகல் வாடை வந்தால் அந்தப் பவர் சப்ளையின் கதை அதோடு சரி. பின்பக்கம் இருக்கிற பச்சைக் கூடைக்குப் போய்விடும். வாடை இல்லாமல் பத்துப் பல்பும் அரை மணி நேரம் நின்று எரிந்தால்தான் அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் சின்னதாக ஒரு சிலுவை போட்டு, "ம்ம், இது போவலாம்" என்பார்.

எல்லாம் காரின் முன்விளக்குப் பல்புகள். பழைய கார்களை உடைக்கிற இடத்தில் பொறுக்கி வந்து, பலகையில் வரிசையாக முடுக்கி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் ஐம்பத்தைந்து வாட் தின்னும். கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டிதான் பவர் சப்ளை. அதன் ஸ்டிக்கரில் அறுநூறு வாட், எழுநூறு வாட் என்று எந்த மகராசனும் அச்சடித்துக்கொள்ளலாம். பல்பிடம் அந்தப் பாச்சா பலிக்காது. எங்கள் பீடோங் ஊர்ச் சந்தைக்குப் பின்னால், தையல்கடை பிரேமாவதியோடு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்ட இடம் அது. பல்புகள் எரிய ஆரம்பித்ததும் பிரேமாவதி காற்றாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அகத்தாவுக்கு வயது ஐம்பத்தெட்டு. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஒரு தொழிற்சாலையில், சாமான்களைச் சூடேற்றிச் சோதிக்கிற பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். உடம்பு மின்சாரம் சாமானைக் கெடுக்காமலிருக்க அங்கே மணிக்கட்டில் மாட்டிவிடுகிற சுருள் ஒயர் பட்டையை இன்னும் கழற்றவில்லை. எதிலும் செருகாமல் அது பாட்டுக்குத் தொங்கும். சாப்பிடும்போது சாம்பாரில் தோயும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். "பளக்கம் டீச்சர்" என்று துடைத்துக்கொள்வார்.

இவரிடம் வியாபாரம் செய்ய வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். பள்ளி வேன் ஓட்டும் புவனேஸ்வரன் ஒருநாள் புது கிராபிக்ஸ் கார்டோடு வந்தார். படம், விளையாட்டு எல்லாம் திரையில் துல்லியமாக ஓட வைக்கிற சாமான். கைக்குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தார்.

"கார்டுக்கே எல்லாம் போயிருச்சிக்கா. பவர் சப்ளை சும்மா ஒண்ணு குடுங்க லா."

"சும்மா ஒண்ணா? இந்தக் கார்டுக்கு நாலு பல்பு வேணும். பிராசசருக்கு ரெண்டு. மத்ததுக்கு ஒண்ணு. கார்டு திடீர்னு இளுக்கும்பாரு, அதுக்கு மூணு கையில இருக்கணும். மொத்தம் பத்து. நீ சும்மா ஒண்ணு கேக்குற!"

புவனேஸ்வரன் பாவம், அசடு வழிந்தார். அகத்தா அவர் கொண்டுவந்திருந்த பழைய பவர் சப்ளையை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் தூக்கிப் பார்த்தார். பல்புக்கு முன்னால் எப்போதும் கைதான். "உள்ள செம்பு இருந்தா கனக்கும். இதுல காத்துதான் இருக்கு. இத மாட்டுனா கார்டு ரோசாக் ஆயிரும், கெட்டுப் போயிரும், என்னைய வந்து கேக்காத." அவர் வேறு கடைக்குப் போனார். பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள்.

இவ்வளவு கறாரான மனுஷி ஒரே ஒரு தடவை கறாராக இல்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தப் பலகையே.

நான்கு வருடம் முன்பு, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன். மாதா கோயிலில் பூசைக்கு நேரமாகிவிட்டது. கடையை மூடுகிற நேரத்தில் ரூபினி ஓடி வந்தாள். செமிலிங்கில் அகத்தாவின் பக்கத்து வீட்டில் பிறந்து, இவர் மடியில் வளர்ந்த பெண். சுங்கைப் பட்டாணியில் கல்லூரி கடைசி வருடம். மூன்று நிமிடக் கார்ட்டூன் படம் ஒன்று செய்துகொண்டிருந்தாள். ரப்பர் மரத்தில் குடியிருக்கிற ஓர் உடும்பின் கதை. ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் இருந்தபோதே கணக்குப் புத்தகம் முழுக்க உடும்பு வரைந்து என்னிடம் திட்டு வாங்கியவள். அவளுக்கு அவசரம், இவருக்கும் அவசரம். ஸ்டிக்கரில் அறுநூற்றைம்பது என்று இருந்ததைப் பார்த்து, அகத்தா அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அது வெடித்தது. கார்டும் போனது, படம் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் போனது. வேறு பிரதி இல்லை. ஈஸ்டர் அன்று அகத்தா அவர்கள் வீட்டுக்கு ஓடி, எல்லாம் புதிதாக வாங்கித் தருகிறேன் என்று அழுதாராம். "படத்த எங்க ஆன்டி வாங்குவீங்க?" என்று மட்டும் கேட்டாளாம் ரூபினி. படிப்பை விட்டாள். அகத்தா வேலை செய்த அதே பூங்காவில் இப்போது அவளும் வேலை செய்கிறாள். தொழிற்சாலை பஸ் தினமும் சாயங்காலம் இந்தக் கடை வழியாகத்தான் போகும். அகத்தா வாசலுக்கு வருவார். பஸ்ஸில் ஒரு தலைகூடத் திரும்பாது.

போன மாதம் ரூபினியின் அம்மா காஞ்சனா ரவிக்கை தைக்க வந்தவர், பிரேமாவதியிடம் சொல்லிவிட்டுப் போனார்: பிள்ளை மறுபடியும் கார்டு வாங்கியிருக்கிறாள், அந்த உடும்புப் படத்தை முதலிலிருந்து செய்யப் போகிறாளாம். கடைக்கு நடுவே இருக்கிற அரைச் சுவருக்கு இந்தப் பக்கம் அகத்தா கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கே ஒரு பவர் சப்ளையை எடுத்துப் பலகையில் மாட்டினார். வழக்கமாக அரை மணி நேரம். இதை மூன்று நாள் எரியவிட்டார். பிரேமாவதி மூன்று நாளும் வேர்த்து ஊற்றித் தைத்தார். நான்காம் நாள் அகத்தா சிலுவை போட்டு, பெட்டியில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க சொன்னா கேப்பா டீச்சர். ரெண்டாவது தடவையும் அவளுக்குப் போவக்கூடாது. நான் குடுத்தேன்னு சொல்லாட்டியும் பரவால்ல."

எனக்குப் பொய் வராது. செமிலிங் போய் உள்ளதைச் சொன்னேன். ரூபினி பாதி குடித்த மைலோவைக் கீழே வைத்தாள். மேசையில் ஆன்லைனில் வந்த பவர் சப்ளை ஒன்று ஏற்கெனவே பிரித்துக் கிடந்தது. கலர் கலராக விளக்கு வைத்தது, எழுநூறு வாட் என்று கொட்டை எழுத்தில். சும்மா தூக்கிப் பார்த்தேன். காலி பிஸ்கட் டின் தேவலை.

"லேசா இருக்கேம்மா."

"நாலாயிரம் பேரு நல்லா இருக்குன்னு போட்டுருக்காங்க டீச்சர்."

"அகத்தா மூணு நாள் எரிச்சுப் பாத்துக் குடுத்துருக்காங்க."

அவள் பெட்டியைத் தொடவே இல்லை. "ஆன்டி மேல கோவம்லாம் இல்ல டீச்சர். ஆனா அவங்க குடுத்தத மாட்டுனா, ஓடுற ஒவ்வொரு நிமிசமும் எனக்குப் பயமாவே இருக்கும். நாளைக்கி லீவு. இதயே மாட்டி ஓட வுடப் போறேன் லா." அவள் முகம் எவ்வளவு நாளைக்குப் பிறகு தெளிந்திருந்தது! எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

திரும்பி வந்து காரை நிறுத்தும்போதே அகத்தா வாசலில் நின்றார். பெட்டி என் கையிலேயே இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"வேற வாங்கிட்டாளா?"

"ஆமா. ஆன்லைன்ல."

"தூக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கனமா இருந்துச்சா டீச்சர்?"

அந்த முகத்துக்கு முன்னால் என்ன சொல்வது? "இருந்துச்சு. நல்ல கனம்தான்" என்றேன்.

அகத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை வாங்கிப் பிரித்தார். சிலுவை போட்ட பவர் சப்ளையை வெளியே எடுத்து, என் வலது கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டார். என் கை சட்டென்று கீழே இறங்கியது.

"இவ்ளோ கனமா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.