பால்கனி வரை வந்த பேய்

கண்களை மறைத்து மாட்டிக்கொண்டு விளையாடும் வி.ஆர். கருவியை என் கணவர் வாங்கும் முன்பே, அதில் வரும் ஒரு பேய் விளையாட்டின் விமர்சன வீடியோக்களை நான் இரண்டு மாதமாகப் பார்த்துவந்தேன். எல்லாவற்றிலும் விளையாடுபவர்கள் அலறிக்கொண்டு ஓடுவார்கள். அப்படி ஓடினால்தான் விளையாட்டு நன்றாக இருக்கிறது என்று மனதில் பதிந்துவிட்டது.

போத்தனூரில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டின் மாடி ஹாலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கருவியை மாட்டினார். விளையாட்டில் மூன்றாவது கதவைத் திறந்ததும் பேய் வரும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அவர் அலறுவதைப் படம்பிடிக்க செல்போனைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன்.

"ஒண்ணுமே வரலையே அம்மணி, இதுக்கா இத்தன அலப்பறை?" என்றவர், அடுத்த நொடி "ஐயோ!" என்று பின்பக்கமாகவே ஓடினார். பால்கனிக் கதவு திறந்திருந்தது. அங்கே கைப்பிடிக் கம்பி இன்னும் வைக்கவில்லை. நானோ செல்போன் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீடியோக்களில் பார்த்த அதே ஓட்டம்!

"ஏனுங்க, அவரப் புடிங்க! உழுந்துபோடப் போறாருங்க!" என்று எதிர்வீட்டு அக்கா கத்தியபோதுதான் நிமிர்ந்தேன். எப்படிப் பாய்ந்தேனோ, சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவரது ஒரு குதிகால் அந்தரத்தில் இருந்தது. இருவரும் உள்ளே விழுந்தோம்.

இப்போது எந்த விளையாட்டுக்கும் முன்னோட்டம் பார்ப்பதில்லை. கதவைத் தாழிட்டு, அவரை நாற்காலியில் உட்காரவைத்த பிறகே கருவியைக் கொடுக்கிறேன். அன்று எடுத்த வீடியோவை மட்டும் அழிக்கவில்லை. அவர் விளிம்பை எட்டும்வரை அதில் கேட்பது என் சிரிப்புதான்.