அணைக்காத கணினி

என் அப்பா வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்டது இரண்டே விஷயங்களுக்கு. ஒன்று, கொள்ளுத்தாத்தா ரயில்வே பட்டறை வேலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் வந்த நாள் முதல், எங்கள் குடும்பத்தில் யார் மேலும் ஒரு புகார் வந்ததில்லை. இரண்டாவது, எங்கள் வீட்டுக் கணினி நானூறு நாட்களுக்கு மேலாக ஒருமுறைகூட அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. விருந்தாளிகளுக்குக் காபி வருவதற்குள் அந்த நாள் கணக்கைத் திரையில் வரவழைத்துக் காட்டிவிடுவார். அவர்களும் பாவம், "அப்படியா!" என்பார்கள். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் முதலில் கணினிக்கு, பிறகுதான் ஃபேனுக்கு. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே இரண்டாவது பெருமையைச் சபிப்பாள்.

அப்பாவுக்கு உப்பலில் ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை. மாணவர்கள் எல்லோரும் பயன்படுத்தும் பெரிய சர்வர் அவர் பொறுப்பில் இருந்தது. அதையும் அவர் அணைத்ததில்லை. மாணவர்களின் இன்டர்னல் மார்க் முழுவதும் அதில்தான் இருந்தது. அதே கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தவர் அப்பாவின் கடைசித் தம்பி, என் சித்தப்பா. எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார்.

சித்தப்பா அப்பாவிடம் நேராகப் பேச மாட்டார். சண்டை ஒன்றும் இல்லை, மரியாதைதான். எங்கள் வீட்டில் தம்பி அண்ணனிடம் எதைக் கேட்பதானாலும் குழந்தை மூலமாகத்தான் கேட்க வேண்டும். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "பாப்பா, பஸ் பாஸ் முடியுதுன்னு அப்பாகிட்ட சொல்லு" என்பார். நான் அப்பா பக்கம் திரும்பிச் சொல்வேன். "நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்லு" என்பார் அப்பா. நான் இந்தப் பக்கம் திரும்புவேன். பத்து வயதில் எனக்கு இந்தத் தபால் உத்தியோகம் ரொம்பவே பிடித்திருந்தது.

எனக்குத் தெரிந்து ஒரே ஒருமுறை சித்தப்பா நேராகப் பேசினார். "ணா, காலேஜ் சர்வரை ஒருவாட்டி ரீஸ்டார்ட் பண்ணிடுங்க. கெர்னல்ல ஓட்டை இருக்குன்னு பசங்க பேசிக்கிறாங்க."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அப்டேட் போன வாரமே போட்டாச்சு. நீ முதல்ல மேத்ஸ் அரியரை முடி" என்றார். சித்தப்பா பாதித் தோசையோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

கெர்னல் என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரியாது. இன்று கொண்டாப்பூரில் ஒரு அலுவலகத்தில் அதைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் என் பிழைப்பு. கணினிக்குள் யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று தீர்மானிக்கும் அடிப்படைப் பகுதி அது. அதில் ஒரு பிழை இருந்தது. சாதாரணப் பயனர் கணக்கு வைத்திருக்கும் எவரும் ஒரு சின்ன நிரலை ஓட்டி, அந்த இயந்திரம் முழுவதற்கும் எஜமானராகிவிடலாம். அதைத் திருத்திய புதிய கெர்னலை அப்பா வீட்டிலும் கல்லூரியிலும் போட்டிருந்தது உண்மைதான். ஆனால் இயந்திரத்தை ஒருமுறை அணைத்துப் போடும்வரை ஓடுவது பழையதுதான். புதுப் பூட்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுக் கதவில் பழைய பூட்டையே தொங்கவிட்ட கதை. அப்பாவுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். நாள் கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடுமே என்று மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். சித்தப்பா என்னைக் கணினி முன்னால் உட்காரவைத்தார். அதில் எனக்கென்று ஒரு கணக்கு உண்டு. தினமும் அரைமணி நேரம் விளையாடலாம், பிறகு அதுவே வெளியே தள்ளிவிடும். சித்தப்பா சொன்ன வரியை எழுத்தெழுத்தாகத் தட்டினேன். சில நொடிகள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் வரியின் தொடக்கத்தில் எப்போதும் நிற்கும் டாலர் குறி போய், ஹாஷ் குறி வந்து நின்றது. அது அப்பாவுக்கு மட்டும் வரும் குறி.

"இப்ப நீதான் இதுக்கு ஓனர்" என்றார் சித்தப்பா. "அப்பா வந்ததும் காட்டு. யாரு சொல்லிக்குடுத்தாங்கன்னு கேட்டா என் பேரைச் சொல்லு."

"நக்கோ சித்தப்பா, வேணாம், அடிப்பாரு."

"அடிக்க மாட்டாரு. என் பேரைச் சொல்லு, போதும். மறந்துடாத."

எனக்காக அடி வாங்கத் தயாராகிறார் என்றுதான் நான் நினைத்தேன். எங்கள் பள்ளியில் கோள் சொல்லுகிறவளை 'சுக்லி' என்பார்கள். ஒருத்தி அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு ஒரு மாதம் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்ததைப் பார்த்திருக்கிறேன். உயிரே போனாலும் சித்தப்பாவைக் காட்டிக்கொடுப்பதில்லை என்று அந்த நாற்காலியிலேயே முடிவு செய்துவிட்டேன்.

அப்பா வந்தார். காய்கறிப் பையை இறக்கி வைக்க மறந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். குனிந்து ஒரு கட்டளையைத் தட்டினார். எஜமானர்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று கணினி பதில் சொன்னது. அவர் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை.

"யாரும்மா சொல்லிக்குடுத்தாங்க?"

சித்தப்பா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிறார் என்று எனக்குப் பட்டது. "யாரும் இல்ல. நானே நெட்ல பார்த்தேன்" என்றேன்.

"ணா..." என்று சித்தப்பா ஆரம்பித்தார். அப்பா அதற்குள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார். "பத்து வயசுக் குழந்தையால முடியுதுன்னா, அங்க அவ்ளோ பசங்க இருக்காங்களே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினார். சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு, "அண்ணி, நான் போய் அண்ணாகிட்ட நேர்லயே பேசிடறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

அன்று மதியம் போல ஒரு மதியத்தை நான் பிறகு பார்த்ததில்லை. தெருவில் எந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலும் கட்டிலுக்கு அடியில் போகலாமா என்று இருந்தது. போலீஸ் வருமா என்று அம்மாவைக் கேட்டேன். "ஹவ், ஆமா, வந்து உன் கணக்கு நோட்டைப் பார்த்துட்டுப் போவாங்க" என்றாள்.

மூன்று மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. அப்பா என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"பாப்பா, உண்மையைச் சொல்லு. அப்பா திட்ட மாட்டேன். சித்தப்பாவா சொல்லிக்குடுத்தாரு?"

"இல்லப்பா."

"நல்லா யோசிச்சு சொல்லும்மா. சித்தப்பாதானே?"

"இல்லப்பா. அம்மா மேல சத்தியமா."

பிறகு, "சரி, அம்மாகிட்ட குடு" என்றார். அம்மா கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள்.

கல்லூரி சர்வரின் பதிவில் மூன்று மாணவர்கள் எஜமானர்களாகியிருந்தார்கள். இரண்டு பேர் மார்க்கை மாற்றியிருந்தார்கள். மூன்றாமவர் ஒன்றையும் தொடாமல் உடனே வெளியே வந்திருந்தார். அது சித்தப்பாவின் கணக்கு. ஓட்டை உண்மைதானா என்று பார்த்துவிட்டு, அண்ணனுக்குத் தெரிவிக்கத்தான் வழக்கம்போல என் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதற்கு இருந்த ஒரே சாட்சி நான். தம்பி ஓட்டையைத் தனக்குக் காட்டினானா, ஒளித்தானா என்பதைத்தான் அப்பா போனில் கேட்டார். இரண்டு முறை கேட்டார்.

உப்பலில் பூட்டியிருந்த சர்வர் அறை வாசலில் மதியம் முழுக்கக் காத்திருந்த சித்தப்பாவிடம், போனை வைத்துவிட்டு வெளியே வந்த அப்பா சொன்ன முதல் வார்த்தை, "குழந்தை உன் பேரைச் சொல்லல. அம்மா மேல சத்தியம் பண்ணிட்டா. அப்புறம் நீ எதுக்குடா உள்ள போன?" என்பதுதான். சித்தப்பா வாயைத் திறந்திருந்தால் அப்பா வீட்டுக்கு வந்து மூன்றாவது முறையாக என்னைக் கேட்டிருப்பார், நான் செய்தது பொய்ச் சத்தியம் என்று தெரிந்துபோயிருக்கும். சித்தப்பா திறக்கவில்லை. அப்பா மூன்று பேர் பெயரையும் கல்லூரி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். மூவருக்கும் ஒரு வருடம் கல்லூரி இல்லை என்றானது. இதையெல்லாம் சித்தப்பா எனக்குச் சொன்னது நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு. அப்பாவிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். அப்பா யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். சித்தப்பா வாசலில் என்னெதிரே நின்றார். "உங்க பேரை நான் சொல்லவே இல்ல சித்தப்பா. ரெண்டு வாட்டி கேட்டாரு" என்று அவர் காதில் ரகசியமாகச் சொன்னேன். அவர் என் தலையில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே நின்றார். நான் பெருமையாக நிமிர்ந்து நின்றுகொண்டேன்.