‘வாரேன்’ சொல்லாமல் போன காலை

காலை எட்டு மணி பதினேழு நிமிடம். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கக் காரணம் உண்டு. எட்டு இருபத்தைந்துக்கு எங்கள் நிறுத்தத்துக்குச் சேலம் பேருந்து வரும். என் மகள் கிளம்பும்போதெல்லாம் நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன், பேருந்தை விட்டுவிடுவாளோ என்று. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. பயப்படுவதற்குப் பெரிய காரணங்கள் எனக்கு எப்போதும் தேவைப்பட்டதில்லை.

இருப்பது மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில். ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். மகளுக்கு இருபத்து மூன்று வயது. பட்டம் முடித்துவிட்டு, சேலத்தில் அரசுத் தேர்வுக்கான பயிற்சி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் சொல்லப்போவது இந்த ஆடி மாதம் நடந்தது. அதற்கு முந்தைய நாள்தான் தேர்வு முடிவு வந்திருந்தது. மூன்றாவது முறையாக எழுதியிருந்தாள். மூன்றாவது முறையும் இல்லை.

காலையில் அவள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன், “மூணு தடவ எழுதியாச்சு சாமி. ஒன்னால எதுதான் உருப்படியா ஆச்சு?” எங்கள் பக்கம் பெரியவர் சிறியவர் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சொல் சேர்ந்தால் எதுவும் வலிக்காது என்று நினைத்தேன் போலும்.

அவள் பாதித் தோசையோடு எழுந்து தட்டைக் கழுவி வைத்தாள். பையை மாட்டிக்கொண்டு வாசலில் செருப்புப் போடும்போது, “போறேன்” என்றாள். போய்விட்டாள்.

அவ்வளவுதான். வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். எங்கள் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரும் ‘போறேன்’ என்று சொல்வதில்லை. தெருமுனைக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாலும் ‘போயிட்டு வாரேன்’தான். பேசப் பழகும் குழந்தை தெரியாமல் ‘போறேன்’ என்றால் கையைப் பிடித்து நிறுத்தி, சரியாகச் சொல்லவைத்து அனுப்புவோம். என் மகளையும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன், அவளுக்கு மூன்று வயதில்.

மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். “ஏனுங்க, பாப்பா என்ன சொல்லிட்டுப் போச்சு?”

“கோவம். சாயங்காலம் சரியாயிரும்” என்றேன். ஆனால் அந்த அரைகுறைச் சொல் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றுகொண்டது. அலுவலகத்தில் மாணவர் பெயர்ப் பட்டியலை எழுதும்போது ஒரே பெயரை இரண்டு முறை எழுதினேன்.

பதினொரு மணிக்குப் பயிற்சி வகுப்பிலிருந்து போன். மகள் வரவில்லையாம். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். நான் அவளுக்கு அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பத்து முறை அழைத்திருப்பேன். தேர்வில் தோற்ற பிள்ளைகளைப் பற்றி நாளிதழில் வாசித்த செய்திகளெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு அடுத்த சேலம் பேருந்தில் ஏறினேன்.

அந்தப் பயணம் இப்போதும் கனவு மாதிரிதான் இருக்கிறது. வழியில் மரவள்ளிக் காடுகள், அதற்கப்புறம் சேகோ மில்களின் காயவைக்கும் களங்கள். ஜவ்வரிசி ஏக்கர்க் கணக்கில் வெள்ளை வெளேரென்று வெயிலில் கிடந்தது. அதன் நடுவே யாரோ ஒரு பெண் கட்டையால் தள்ளிக்கொண்டே போனாள். தூரத்திலிருந்து பார்க்க, மேகத்தின் மேல் நடப்பதுபோல இருந்தது. சுடிதார் போட்ட பெண்கள் எல்லோரும் ஒரு நொடி என் மகளாகி, மறுநொடி வேறு யாரோ ஆனார்கள்.

பயிற்சி வகுப்பில் ஆசிரியர் சொன்னது இன்னொரு அடி. “நல்லாத்தான் படிக்குதுங்க. ஆனா ஒரு மணி ஆச்சுன்னா கெளம்பிரும். மதிய வகுப்புக்கு இருக்கறதில்லைங்களே.” ஐந்து மணி வரை வகுப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். தினமும் ஏழரைக்கு வீடு வந்து சேர்வாள், பேருந்து தாமதம் என்பாள்.

படி இறங்கும்போது கூடப் படிக்கும் பெண் ஒருத்தி பின்னாலேயே ஓடி வந்தாள். “அங்கிள், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அம்மாபேட்டைல ஒரு அக்கா தட்டுவடை செட் கடை வச்சிருக்காங்க. அங்கதான் இருப்பா.”

தட்டுவடை செட் தெரியாத சேலத்துக்காரர் கிடையாது. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத இரண்டு மொறுமொறு தட்டுவடைகள், நடுவில் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம். அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பீட்ரூட் என்றதும் எனக்கு அவளுடைய விரல்கள் நினைவுக்கு வந்தன. இரண்டு மாதமாக வலது கை விரல்நுனிகள் சிவந்தே இருந்தன. மாதிரித் தேர்வுத் தாள்களைத் தானே திருத்திப் பார்க்கிறாள், சிவப்பு மை ஒட்டியிருக்கிறது என்று நானாக முடிவுசெய்து சந்தோஷப்பட்டேன். ஒரு பெட்டி சிவப்புப் பேனா வேறு வாங்கிக்கொடுத்தேன். அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அம்மாபேட்டையில் விசாரித்துக்கொண்டு அந்தச் சந்துக்குள் நான் நுழைந்தபோது மணி இரண்டு. இரண்டு பக்கமும் வீடுகளுக்குள் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டின் ஓசை முடியும் இடத்தில் அடுத்த வீட்டின் ஓசை தொடங்கியது. கடைசி வீட்டு வாசலில் தள்ளுவண்டி நின்றது. அதன் பக்கத்தில் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், மடியில் தாம்பாளத்தோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொல்வதற்கு முன்பே எழுந்துவிட்டார்.

“பாப்பாவோட அப்பாவாண்ணா? மூக்கு அப்படியே இருக்குது.”

மகள் அங்கும் வரவில்லை. அவரும் காலையிலிருந்து போன் செய்து பார்த்திருக்கிறார். அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

“நாலு மணிக்குக் கடை தொறக்கணும்ணா. அந்த நாலு மணிய அது ஒரு நாளும் விட்டதில்ல. மழையில நனைஞ்சுட்டுக்கூட வந்திருக்குது. வந்துரும்.”

மனைவி போனில் அழுதாள். காவல் நிலையத்துக்குப் போகச் சொன்னார் அவள் அண்ணன். நாலு மணி வரை பார்க்கிறேன் என்றேன். அந்த முன்பின் அறியாத பெண்ணின் நம்பிக்கையைத் தவிர அப்போது என்னிடம் வேறு எதுவும் இல்லை.

ஐந்து நிமிடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே போய் ஒரு கூடை பீட்ரூட்டையும் துருவியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. இன்னைக்கு ஒரு கை குறையுது. சும்மா உக்காந்திருந்தா மனசு கண்டதையும் நெனைக்கும்.”

பயிற்சி வகுப்பைக் கெடுத்து என் மகளை வைத்துக்கொண்டவரிடம் நான் சண்டை போடத்தான் வந்திருந்தேன். ஆனால் சட்டைக் கையை மடித்துவிட்டுத் துருவத் தொடங்கினேன். வீட்டில் ஒரு வெங்காயம்கூட நறுக்கியது இல்லை. கட்டைவிரலைத் துருவிக்கொண்டதும் அவர் துணி கிழித்துக் கட்டிவிட்டு, “பாப்பா மொத நாளு ரெண்டு வெரல் துருவுச்சு” என்றார்.

அப்புறம் தறிச் சத்தத்தின் ஊடே, எனக்குத் தெரியாத ஒரு பெண்ணைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் வேலை செய்யும்போது விசிலடிப்பாளாம். பூண்டுச் சட்னியில் ஒரு துண்டு மாங்காய் சேர்க்கச் சொன்னது அவள்தானாம். எதிர்வீட்டுத் தறிக்காரர் மூன்று மணிக்குத் தறியை நிறுத்திவிட்டு, அவளிடம் வம்பு பேசுவதற்காகவே டீ குடிக்க வருவாராம். அக்காவுக்கும் அவளுக்கும் தினமும் சண்டை வருமாம், வெங்காயத்தைப் பொடியாக நறுக்குவதா நீளமாக நறுக்குவதா என்று. சண்டை முடிந்து இருவரும் முதல் செட்டை ஆளுக்கொன்று சாப்பிட்ட பிறகுதான் வண்டியை வெளியே தள்ளுவார்களாம்.

“மொத தடவ செட்டு சாப்பிடத்தான் வந்துச்சுங்க. அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். கை நடுங்கறதப் பாத்துட்டு, நகருங்கக்கான்னு உள்ள வந்து நின்னுச்சு. அப்புறம் போகவே இல்ல.”

வெயில் சாய்ந்து தாம்பாளத்தில் விழுந்தது. துருவிய பீட்ரூட் கருஞ்சிவப்பாக, ஈரமாக மினுங்கியது. பக்கத்தில் கேரட்டின் ஆரஞ்சு, புதினாவின் பச்சை. என் மகள் தினமும் இந்த வெளிச்சத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என் விரல்கள் அவளுடைய விரல்களின் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. நெஞ்சில் பயம் அடித்துக்கொண்டே இருந்தது. ஆனால் கை மட்டும் நிம்மதியாக இருந்தது. அதை எப்படி விளக்குவது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் வண்டியில் தொங்கிய அட்டையைப் பார்த்தேன். என் மகளின் கையெழுத்து, நான் வாங்கிக்கொடுத்த பேனாவின் சிவப்பு. பூண்டு செட், மாங்காய் செட், நொறுக்கல். கீழே ‘ரிசல்ட் செட் – காரம் ஜாஸ்தி, அழுதால் கடை பொறுப்பல்ல’. அதற்கும் கீழே, ‘அப்பா செட்’.

“அது என்னங்க?” என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “காரமே இல்லாததுண்ணா. உங்களுக்குக் காரம் ஆகாதாமே. அதான் தேங்காயும் பீட்ரூட்டும் மட்டும் வச்சு ஒண்ணு கண்டுபுடிச்சுது. காரம் கம்மி, கவலை ஜாஸ்தின்னு எழுதப் போச்சு. நாந்தான் வேண்டாம்னேன்.”

ஒன்று செய்து கொடுத்தார். வாய்க்குள் அது நொறுங்கிய சத்தம் தறிச் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. உருப்படியாக எதுவும் ஆகவில்லை என்று காலையில் சொன்னேனே, அந்த வாயால்தான் மென்றேன். சாப்பிட்டு முடிக்க வெகுநேரம் ஆனது.

நாலு மணிக்கு வண்டியைச் சந்து முனைக்குத் தள்ளினோம். அவர் இழுத்தார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். அவள் வரவில்லை. நாலு பத்துக்கு முதல் ஆட்கள் வந்தார்கள். “தங்கச்சி எங்க?” என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் ‘வந்துரும்’ என்றார் அக்கா. நாலு இருபதுக்கு அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இரண்டு மணிக்கு அவர் முகத்தில் இருந்த தைரியம் இப்போது இல்லை. நான் காவல் நிலையத்துக்கு வழி கேட்டேன்.

அதற்குப் பிறகான நாட்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போதும் அவள் காலையில் படிக்கிறாள், மாலையில் அக்காவோடு கடையில் நிற்கிறாள். அடுத்த தேர்வையும் எழுதுவாள். தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் நானும் மனைவியும் அம்மாபேட்டைக்குப் போகிறோம். எனக்குத் துருவுகிற வேலைதான், சட்னிப் பக்கம் விடமாட்டார்கள். பயம் என்னைவிட்டுப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். எட்டு பதினேழுக்கு இன்றும் கடிகாரத்தைப் பார்க்கிறேன். இப்போது பேருந்துக்காக இல்லை, அவள் சொல்கிற சொல்லைக் கேட்பதற்காக.

அன்று நாலு இருபத்தைந்துக்கு, பேருந்து நிறுத்தத்துப் பக்கமிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் ஓடி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. காலையில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் போய், எடப்பாடி பேருந்தில் ஏறி, கல்லூரித் தோழி வீட்டில் அழுது தூங்கியிருக்கிறாள். என் குரலைக் கேட்கக்கூடாது என்றுதான் போனை அணைத்து வைத்தாளாம். கடைநேரம் என்று திடுக்கிட்டு எழுந்து, கிடைத்த பேருந்தில் ஏறியிருக்கிறாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிடம் அவள் வண்டிக்குப் பின்னால் என்னைப் பார்த்தாள். என் சட்டையை, கட்டுப்போட்ட விரலை, இரண்டு சிவந்த கைகளைப் பார்த்தாள். அப்புறம் தாம்பாளத்தைப் பார்த்தாள்.

“பீட்ரூட்ட இத்தன தண்டியாவா துருவுறது? யாரு துருவுனது?” என்றாள்.

“நாந்தான் சாமி” என்றேன்.

துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, கையைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். வரிசையில் நின்றவருக்கு ஒரு செட் வைத்துக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னாள்.

“காலைல பாதிதானுங்கப்பா சொல்லிட்டுப் போனேன். எடப்பாடி போற வரைக்கும் மீதி வாயிலயே நின்னுட்டு இருந்துச்சு. இப்ப வந்துட்டேன்.”

அவளைத் திரும்ப அழைத்து வந்தது என் பயமோ நான் பழக்கிய சொல்லோ இல்லை, அவளுக்குப் பிடித்தமான ஒரு நாலு மணிதான் என்பதை, விரலில் பீட்ரூட் சாயம் படும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.