ஞாயிற்றுக்கிழமை மேடு

அறுபதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் எனக்கு ஒரு விநோதமான வேலை இருந்தது. பூமியின் காந்தப்புலத்தைப் பதிவுசெய்யும் குடிசை ஒன்றுக்குக் காவலும் நானே, எழுத்தரும் நானே. தேக்காவில் பஸ் ஏறி, புக்கிட் பாத்தோக் பக்கம் இறங்கி, ஒரு சீனர் இடுகாட்டைத் தாண்டி நடக்கவேண்டும். குடிசையில் இரும்பே கிடையாது. எல்லாம் மரமும் பித்தளையும். உள்ளே தொங்கும் சிறு காந்தம் அசைந்தால், அதன் கண்ணாடியில் பட்ட ஒளி, சுழலும் புகைப்படத் தாளில் கோடு போடும். மறுநாள் தாளைக் கழுவிக் கோட்டைப் படிப்பேன். சாவி, கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு, கால்சட்டையைக் கையில் பிடித்தபடி உள்ளே போவேன்.

வேலை தற்காலிகம். ஆண்டு முடிவில் நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது மேலதிகாரியின் கையெழுத்தில் இருந்தது. மனைவிக்கு அப்போது ஐந்தாவது மாதம். எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும்.

மேலதிகாரி தமிழர், கத்தோலிக்கர், ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் குடிசை என் பொறுப்பு. அவருக்குப் பேச ஒரே விஷயம்தான், சூரியனின் சீற்றத்தால் வடக்கு வானில் எழும் துருவ ஒளி. கனடாவின் வடக்கே நள்ளிரவில் அந்த ஒளி திடீரென வானமெங்கும் பரவும்போது, மேலே பெரும் மின்னோட்டம் பாயுமாம். கீழே காந்தப்புலம் சட்டென்று இறங்கி, ஓரிரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்புமாம். அதன் சாயல் சிங்கப்பூர் வரை வந்தால், நம் கோட்டில் ஒரு சின்ன மேடு எழும் என்பார். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே உச்சிவேளை.

மேடு எழுந்தது. பதினோரு மணிக்கு ஏறி ஒரு மணிக்கு இறங்கியது. ஏற்றமும் இறக்கமும் சுவர் வைத்ததுபோல் செங்குத்தாக இருந்தன. அதையும் அவர் புதுமையாகவே எடுத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் ஒன்பது மேடுகள் சேர்ந்தன. வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுரை எழுதினார். தேதிகளைப் பட்டியல் போடும் வேலை எனக்கு வந்தது.

வீட்டு நாட்காட்டியைப் பார்த்துக் கிழமையையும் எழுதினேன். எட்டு ஞாயிறு, ஒரு வியாழன். சூரியனுக்குக் கிழமை தெரியாது என்பது எனக்கே தெரியும். அந்த வியாழனன்று மச்சான் வந்திருந்தார், ஆட்டுக்கறி எடுத்தோம். சாப்பாட்டுப் பையை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன்.

வெளியே வைத்தால் குரங்கு தூக்கிவிடும் என்று, பதினோரு மணிக்கு வந்ததும் பையைக் கருவிக்குப் பக்கத்துப் பலகையில்தான் வைப்பேன், ஒரு மணிக்கு வெளியே எடுத்துப்போய்ச் சாப்பிடுவேன். சோற்றுத் தூக்குவாளி பித்தளை, விதிப்படி தவறில்லை. கூடவே இருந்ததை நான் இரும்பென்று நினைத்ததே இல்லை.

சொல்லாமல் இருந்தால் கையெழுத்து நிச்சயம். அவர் பெயர்தான் கெடும். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் அவர் முன்னால் போய் நின்றேன்.

"சார், ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல ஆட்டுக்கறி."

"அதுக்கு?"

"கறிச்சோறு வெளிய எடுத்துட்டுப் போனா என் வொய்ஃப் பையில ஒரு ஆணி போடுவாங்க. இடுகாட்டத் தாண்டி வரணும்ல. பேய் அண்டாது."

அவர் தேதிப் பட்டியலை எடுத்துக் கிழமைகளில் விரலை ஓட்டினார். "எவ்வளவு பெரிய ஆணி?"

"ஜாலான் புசார் இரும்புக்கடையில வாங்கினது. ஆறு இன்ச்."

மறுநாள், சாம்பார் நாளில், ஆணியை மட்டும் பலகையில் பதினொன்றிலிருந்து ஒரு மணிவரை வைக்கச் சொன்னார். அதே மேடு, அச்சாக. கட்டுரையை நான்காகக் கிழித்தார்.

"எங்கம்மா கரித்துண்டு வைப்பாங்க," என்றார். "கரி காந்தத்த ஒண்ணும் பண்ணாது லா."

என் நிரந்தரப் படிவத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. அது மேசைமேல் கண்ணாடிக் குண்டுக்குக் கீழே கிடந்தது.

கரிக்குப் பேய் பயப்படுமா என்ற சந்தேகத்தோடு மனைவி அரைமனதாக ஆணியிலிருந்து கரிக்கு மாறினாள். ஞாயிற்றுக்கிழமைகள் தட்டையாகப் போயின. ஆண்டு முடிய ஆறு வாரம் இருக்கையில், ஒரு ஞாயிறு உச்சிவேளையில் மேடு எழுந்தது. ஏறியது சட்டென்று, இறங்கியது மட்டும் மெல்ல, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு.

திங்கள் காலை அவர் தாளைப் பார்த்துவிட்டு என் பையைத் தலைகீழாக உதறினார். சாம்பார் தூக்குதான் உருண்டது.

"நேத்து?"

"கரிதான் சார்."

நம்பினார் என்று சொல்லமுடியாது. கனடாவில் ஒரு நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வர ஐந்து வாரம் ஆயிற்று. அதே மணியில் அங்கே வானம் முழுக்க ஒளி. காந்தப்புலம் எங்கள் மேட்டைப்போல் பல மடங்கு ஆழத்துக்கு இறங்கியிருந்தது. அவர் கடிதத்தை என்னிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் குண்டை நகர்த்திக் கையெழுத்துப் போட்டார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: ஒளி, மின்னோட்டம், கனடா, கையெழுத்து. நிறைமாத வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப கரியும் வேல செய்யுது," என்றாள்.

மறுக்க என்னிடம் பதிவு எதுவும் இல்லை.