கழற்றப்பட்டிருந்த மூடி

அட்டைப்பெட்டி ஆலையில் அவளை எல்லோரும் கிராமர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெட்டி ஒட்டும் மேசையில் பசைக்கையோடு நின்றவள், மாலை நேர ஆங்கில வகுப்புக்குப் போய், ஆபீஸ் அறைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பட்டப்பெயரில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

வகுப்பில் மற்றவர்கள் பேசக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். அவளுக்கோ எழுத்தின்மேல்தான் பைத்தியம். துண்டு துண்டாகக் கிடக்கும் நாலு வாக்கியங்களை ஒன்றாகக் கோப்பது, காரணத்தை முன்னால் வைத்து விளைவைப் பின்னால் இழுத்து வருவது, செய்தவரைச் சொல்லாமலே செய்ததைச் சொல்வது. பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே இதையெல்லாம் மனதுக்குள் போட்டுப் பார்ப்பாள். முன்பெல்லாம் ஒன்றும் புரியவில்லை என்று தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த ஆலை அறிக்கைகள், அவள் எழுதத் தொடங்கியபின் திரும்பவே இல்லை. மேலாளர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

அக்கா வீட்டின் பின்னறையில்தான் அவள் இருந்தாள். அத்தானுக்கு அதே ஆலையில் அட்டை வெட்டும் இயந்திரத்தில் வேலை. வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

"ஏம்மா கிராமர், உங்கக்கா என்னைத் திட்டுறதையெல்லாம் சேத்து ஒரே வாக்கியமா எழுதிக் குடேன்."

"பேப்பர் பத்தாது அத்தான்."

அக்கா கரண்டியோடு வந்து நிற்பாள். மூன்று பேரும் சிரிப்பார்கள்.

ஒரு சமயம் ஆர்டர்கள் வந்து குவிந்தன. கத்திக்கு மேலிருந்த இரும்பு மூடி, அட்டையை உள்ளே தள்ளும் வேகத்தைக் குறைக்கிறது என்று சூப்பர்வைசருக்குக் குறை. அன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்த அத்தான் கிண்டல் எதுவும் பேசவில்லை.

"மூடியக் கழட்டச் சொல்றான். வேணாம் சார், ஆபத்துன்னு சொன்னேன். முடியாதுன்னா வேற ஆளப் போட்டுக்கறேங்கறான். கழட்டிட்டேன்."

மறுநாள் அவருடைய சட்டைக்கை சிக்கி, கை உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் கலைவதற்குள் மேலாளர் ஆள் அனுப்பினார். விபத்து அறிக்கை எழுத வேண்டும். அவளைத் தவிர எழுத ஆளில்லை. அழுது வீங்கிய கண்ணோடு போய் உட்கார்ந்து எழுதினாள். சூப்பர்வைசர் மூடியைக் கழற்றச் சொன்னார். இவர் வேண்டாம் என்றார். அவர் மிரட்டினார். இவர் கழற்றினார்.

மேலாளர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார்.

"என்னம்மா இது, ஒண்ணாங்கிளாஸ் புள்ள எழுதின மாதிரி? நீ எப்படி எழுதுவேன்னு எனக்குத் தெரியாதா? நல்லபடியா எழுது. இது சுமுகமாப் போனாத்தான் உங்கக்காவுக்கு இங்க ஒரு வேலை போட்டுக் குடுங்கன்னு நான் வாய் திறக்க முடியும்."

மிரட்டல் என்று சொல்ல முடியாத அளவுக்கு இதமாகவே சொன்னார். அக்காவை நினைத்துக்கொண்டு அவள் மறுபடி எழுதினாள். உற்பத்தி அதிகரிக்கப்பட வேண்டியிருந்த சூழ்நிலையில், பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டிருந்ததால், இயந்திரத்தை இயக்கியவருக்கு விபத்து நேர்ந்தது. ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் எங்கும் இடறாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. கடைசிக் கமா சரியாக விழுந்தபோது, வகுப்பில் வருமே, அந்தச் சின்னச் சந்தோஷம் ஒரு கணம் வந்து போயிற்று. அந்த ஒரு கணத்துக்காக அவளால் பிறகு தன்னையே மன்னிக்க முடியவில்லை.

வீட்டில் அக்கா, "என்ன எழுதியிருக்கு, சொல்லு" என்றாள். அவள் தமிழில் சொன்னாள்.

"யாரு கழட்டச் சொன்னதுன்னு வரலையே?"

"கழற்றப்பட்டிருந்ததுன்னு இருக்குக்கா."

"அதத்தான் கேக்கறேன். தானாக் கழண்டுச்சா?"

அக்கா விடவில்லை.

"வேணாம்னு சொன்னாரே. நம்ம ரெண்டு பேர்கிட்டயும்தானே அதச் சொன்னாரு. அது எங்கடி?"

"இல்லக்கா."

"எழுதினது யாரு?"

"நான்தான்."

அக்கா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாளே அவள் நடந்ததை நடந்தபடி எழுதி, கையெழுத்துப் போட்டு, தொழிலாளர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். விசாரணை நடந்தது. அதிகாரி நல்லவர்தான். இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் நீங்க எழுதினதுதானே? ஆலை குடுத்த அறிக்கை நிதானமா, யோசிச்சு எழுதின மாதிரி இருக்கு. இது ஆத்திரத்துல எழுதினதாத் தெரியுது. எதம்மா நான் நம்பறது?"

"இதத்தான் சார். அது நல்லா எழுதினது. இது நடந்தது."

அவர் அதையும் குறித்துக்கொண்டார். ஆனால் பக்கத்து இயந்திரக்காரர் தன் காதில் எதுவும் விழவில்லை என்று சொல்லிவிட்டார். அவருக்கும் பிள்ளைகுட்டிகள் இருந்தன. யார்மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விசாரணை முடிந்தது.

அவளைப் பசை மேசைக்கே திருப்பி அனுப்பினார்கள். அக்காவுக்கு ஆலையில் வேலை கிடைக்கவில்லை; கிடைத்திருந்தாலும் போயிருக்க மாட்டாள். ஒரு தையல் கடையில் சேர்ந்தாள். "நீ வேற இடம் பாத்துக்கோ" என்று மட்டும் தங்கையிடம் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வருடங்கள் போயின. ஒருமுறை அவள் கடும் காய்ச்சலில் கிடந்தபோது, யாரோ சொல்லி அக்கா வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டாள், மூலையில் கிடந்த துணிகளை மடித்து வைத்தாள், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான்..."

"மாத்திரை போட்டியா?" என்றாள் அக்கா.

"போட்டேன்."

"அப்ப கண்ண மூடித் தூங்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விழித்துப் பார்த்தபோது அக்கா போயிருந்தாள்.